தயிர்ப்பானைல பட்டுரோசா

அம்மா செத்தப்பறந்தா எங்கூட்டுல ஒண்ணுமே இல்லாமப் போச்சுன்னு ஊருக்குள்ள சொல்லுவாங்க. அது நெசமில்ல. அம்மா படுக்கைல கெடக்கறப்பவே ஒவ்வொண்ணாப் போயிருச்சு. மொதல்ல செவலக்காளை ரண்டும் போச்சு, அப்பறம் எருமை போச்சு. மருந்துக்கும் வைத்தியருக்கும்னு அய்யன் எல்லாத்தையும் வித்துப்போட்டாரு. அப்பனை நாங்க அய்யன்னுதா கூப்புடறது. மாடு போனா சாணி ஏது? சாணி இல்லீனா குப்பமேடு ஏது? ஊட்டுக்குப் பொறகால கடைசியா கெடந்த குப்பையையும் பக்கத்துத் தோட்டத்துக்காரரு வண்டில அள்ளீட்டுப் போனாரு. அம்மா கயித்துக்கட்டல்ல படுத்தவாக்குல அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு, "என்ன கண்ணு அள்றாங்க?"ன்னு கேட்டுச்சு. "மண்ணுங்கம்மா"ன்னு அக்கா சொன்னா.

ஐப்பசி மழைல அம்மா போயிருச்சு.

அந்த வருசம் நாங்க பொங்கல் வெக்கல. தை முடியறப்ப மாமன் வந்தாரு, அம்மாகூடப் பொறந்தவரு. அய்யன் செவுத்தோரமா ஒக்காந்திருந்தாரு. அம்மா போனதுல இருந்து அவருக்குப் பேச்சே கொறஞ்சு போச்சு. கேட்டா ஒரு வார்த்த, கேக்காட்டி அதுவும் இல்ல.

"மச்சான், சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. தாய் செத்த ஊடு. வருசம் திரும்பறதுக்குள்ள பெரியவளை ஒருத்தங் கையில புடிச்சுக் குடுத்துப்போடோணும். வருசம் தாண்டிருச்சுன்னா அப்பறம் மூணு வருசத்துக்கு நல்ல காரியம் பண்ணக் கூடாது. அவளுக்கு இப்பவே பத்தொம்பதாச்சு. மூணு வருசம் கழிச்சு எவன் வருவான்?"

அய்யன் மண்ணப் பாத்துட்டே இருந்தாரு.

"ஏனுங் மச்சான், காது கேக்குதுங்களா?"

"கேக்குது."

"கெணத்துக்கடவுப் பக்கம் ஒரு எடம் இருக்குதுங்க. நல்ல பண்ணயம். சித்திரை பொறந்ததும் வந்து பாக்கறோம்னு சொல்லிருக்கறாங்க. வாரவங்க பாக்கற மாதர ஊடு இருக்கோணுமல்லங்க? இப்பப் பாத்தா பேய் குடியிருக்கற சாளையாட்ட இருக்குது."

அவரு போனப்பறம் அக்காளும் நானும் வெளிய வந்து ஊட்டப் பாத்தோம். பேய் கூட அங்க இருக்காதுன்னு எனக்குத் தோணுச்சு. கட்டுத்தறில மொளக்குச்சி மட்டும் நின்னுட்டிருந்துச்சு.

மொதல்ல வெள்ள அடிச்சோம். சுண்ணாம்புக்கு எங்கூர்ல பஞ்சமில்ல, மதுக்கரை கூப்புடற தூரந்தா. அக்கா ஏணில ஏறி அடிச்சா, நா கீழ நின்னு கரைச்சுக் குடுத்தேன். முடிச்சுப்போட்டு ரோட்டுல போயி நின்னு பாத்தா, முன்னால இருந்ததவிட மோசமாப் போச்சு. தாலியறுத்தவ வெள்ளச்சீல கட்டீட்டு நிக்கறாப்பல இருந்துச்சு ஊடு. அக்காளும் எறங்கி வந்து பாத்தா.

"இதுக்கு மூஞ்சில செகப்பா ஏதாவது வேணும் புள்ள"ன்னா.

அப்பிடித்தா பூவுச் செடி வெக்கலாம்னு வந்துச்சு. எங்க பக்கம் பண்ணயக்கார ஊடுகள்ல வாசல்ல பூவுக்குன்னு செடி வெக்கறது இல்ல. தண்ணிய எறைச்சு பூவுக்கு ஊத்தறவன் பொளைக்க மாட்டாம்பாங்க. ஆனா நா போத்தனூர் ரயில்வே லைன்ல பாத்திருக்கறேன். அம்மாகூடத் தயிர்க்கூடை தூக்கீட்டு சின்னதுல இருந்து போவேன். அங்க ஊடு எல்லாம் ஒரே அச்சுத்தா, செங்கச் செவுரு, பொகை புடிச்ச ஓடு. ஆனா ஒவ்வொண்ணு முன்னாலயும் தொட்டில, டின்னுல, ஒடஞ்ச வாளில பூவு இருக்கும். பூவப் பாத்தா செவுத்துல இருக்கற பொகை தெரியாது.

எந்தப் பூவுங்கறதுதா பெரிய ரோசனையாப் போச்சு. கைல காசு கெடையாது. கெணத்துல தண்ணி கீழ போயிட்டிருந்துச்சு. சித்திரைக்குள்ள பூக்கோணும். நா மல்லின்னேன். "அது கொடி ஏறிப் பூக்கறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துருவான்"னா அக்கா. ரோசாவா? அது பெரிய எடத்துப் புள்ளையாட்ட, தொட்டதுக்கெல்லாம் சொணங்கும். செம்பருத்தி குச்சி ஒடிச்சு வெச்சா வரும், பூக்கறதுக்கு நாளாகும். சாமந்திக்குப் பருவம் முடிஞ்சு போச்சு. காசித்தும்பை வெத எங்ககிட்ட இருந்துச்சு, போட்டோம், மொளச்சுது. ஆனா மாசி வெயிலுக்கே தலையத் தொங்கப் போட்டுருச்சு. கோழிக்கொண்டை மட்டும் பரவால்ல, நிமுந்து நின்னுச்சு.

அம்மாவப் பொதச்ச எடத்துல நித்தியகல்யாணி நெறையா இருக்கும். பொம்பளப் புள்ளைக அங்க போகக் கூடாதும்பாங்க. நா போவேன். ஆரும் தண்ணி ஊத்தறதில்ல, ஆரும் பாக்கறதில்ல, அது பாட்டுக்கு ஊதாவும் வெள்ளையுமா வருசம் பூராம் பூத்துட்டே கெடக்கும். காசில்ல, பாடில்ல, இதவிட என்ன வேணும்னு நெனச்சு வேரோட நாலஞ்சு செடியப் புடுங்கிச் சீலைல மூடிக் கொண்டு வந்தேன்.

அக்கா பாத்ததும், "எங்க புடுங்குன?"ன்னா.

"அங்கதா."

"எங்க?"

நா சீலைல ஒட்டுன மண்ணத் தட்டிவிட்டேன். அவளுக்குப் புரிஞ்சு போச்சு. "கூறு கெட்டவளே, மசானத்துச் செடியக் கொண்டாந்து ஊட்டு முன்னால நடுவாங்களா? பொண்ணு பாக்க வாரவங்க வண்டிய அப்பிடியே திருப்பீட்டுப் போறதுக்கா? பொழுதெறங்கறதுக்குள்ள எங்க புடுங்குனயோ அங்கயே நட்டுட்டு வா."

திருப்பிக் கொண்டுபோயி நட்டேன். நட்டுட்டு சித்த நேரம் அங்கயே ஒக்காந்துட்டு வந்தேன்.

மறுநா போத்தனூருக்கு நடந்து போனேன். எங்ககிட்டத் தயிரு வாங்குன ஒரு தொரசானி ஊட்டு முன்னால போயி நின்னேன். சட்டைக்காரங்க, வெள்ளக்காரக் கலப்பு வம்சம், அவங்க ஊட்டுக்காரரு ரயிலு ஓட்டறவரு. தொரசானி வெளிய வந்து என்ற தலைல கூடையத் தேடுனாங்க.

"தயிர் எங்கே? அம்மா எங்கே? ரொம்ப நாள் வரல்லே."

"அம்மா செத்துப்போச்சுங்க."

அவங்க படியெறங்கி வந்தாங்க. அவங்க ஊட்டுப் படியோரத்துல தரையோட தரையா ஒரு செடி படந்து கெடந்துச்சு, தண்டு மெத்து மெத்துன்னு, எலை ஊசியாட்ட, பூவு சின்னச் சின்ன ரோசாவாட்ட. செகப்பு, மஞ்ச, ரோஸ். பட்டுரோசான்னு நாங்க சொல்றது. நா அதயே பாத்துட்டு நின்னத அவங்க பாத்திருப்பாங்க. குனிஞ்சு ஒரு கை நெறைய ஒடிச்சு என்ற மடில போட்டாங்க.

"வேர் வேண்டாம். ஒடச்சு மண்லே குத்து, போதும். தண்ணி ஜாஸ்தி ஊத்தாதே. வெயில்லே வை. பானை அடிலே ஓட்டை போடு, இல்லாட்டி அழுகிப் போகும்." அப்பறம், "இது சாகாது"ன்னாங்க.

மடியப் புடிச்சுட்டு ஊடு வரைக்கும் அழுதுட்டே வந்தேன். பூவுக்காக அழுதனா அம்மாளுக்காக அழுதனான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.

செடி கெடச்சுது, வெக்கறதுக்கு எதுவும் இல்ல. ஒரே ஒரு சீமெண்ண டின்னு இருந்துச்சு, அதுல கோழிக்கொண்டை நின்னுச்சு. பூந்தொட்டி வாங்கக் காசுக்கு எங்க போறது? அப்பத்தா அக்கா அண்ணாந்து அட்டாலியப் பாத்தா. அம்மாளோட தயிர்ப்பானைக வரிசையாக் கவுத்து வெச்சிருந்துச்சு. எருமை போனதுல இருந்து அதுகளத் தொட ஆளில்ல.

"அதையா?"ன்னேன்.

"சும்மாதான கெடக்குது. பல்லி முட்ட போடறதுக்குப் பூவு பூக்கட்டும்"னா. சொல்லீட்டாளே தவுர, எறக்கறதுக்கு மனசு வராம ரண்டு நாளாச்சு. அப்பறம் அவளே ஒரல் மேல ஏறி எறக்குனா. மணல்ல பானையக் கவுத்து வெச்சு, ஆணிய அடில வெச்சு கல்லால மெதுவாத் தட்டுனா. ஒரு பானை நடுவாந்தரமா ரண்டா விட்டுப் போச்சு. அக்கா அந்தச் சில்லுகளப் பொறுக்கி முந்தானைல போட்டுக்கிட்டா. மத்ததெல்லாம் நல்லா ஓட்ட விழுந்துச்சு. மண்ணு நெப்பி, ஒடிச்ச தண்டுகளக் குத்தி, வாசப்படிக்கு ரண்டு பக்கமும் வெச்சோம்.

மொதத் தண்ணி ஊத்துனதும் பானைல இருந்து புளிச்ச தயிரு வாசம் வந்துச்சு. நாங்க ரண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டோம். பொழுதோட பொழுதோட தண்ணி ஊத்தறப்பெல்லாம் அந்த வாசம் வரும். அம்மா கூடைய எறக்கி வெச்சுட்டு முந்தானைல மூஞ்சியத் தொடைக்கறப்ப அடிக்கற வாசம் அது.

தொரசானி சொன்னது நெசந்தா. ஒண்ணு கூடச் சாகல. பங்குனில ஒவ்வொண்ணா மொட்டு வெச்சு, வெடியால வெயிலு ஏறுனதும் பானைக்கு மேல பூராம் செகப்புத் துணி விரிச்சாப்பல விரிஞ்சுக்கும். ரோட்டுல போறவங்க நின்னு பாத்துட்டுப் போவாங்க. எதுத்த ஊட்டு அத்தைக்கு மட்டும் பொறுக்கல.

"ஏனம்மிணி, ஆத்தா தயிரு வித்தா, மக பூவு விக்கப் போறாளாக்கும்?"

அக்கா தண்ணி ஊத்தறத நிறுத்தாமயே, "ஆமாங்கத்தை. மொத மொழம் உங்களுக்குத்தா, ஓசி. வெக்கறதுக்குத் தலைல மயிரு இருக்குதுங்களா?"ன்னா.

அந்தத்தை மொணமொணத்துட்டு உள்ள போயிருச்சு. அக்கா வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. அம்மா போனப்பறம் அவ சிரிச்சு நா அன்னைக்குத்தாம் பாத்தேன்.

அய்யனும் ஒரு நா பானைகிட்ட வந்து நின்னாரு. "உங்கம்மாளா இருந்தா இதுல பச்ச மொளகா போட்டிருப்பா"ன்னாரு. அவ்வளவுதா. ஆனா அது கேக்காம அவரா சொன்ன பேச்சு. நா அக்காகிட்ட ஓடிப்போயிச் சொன்னேன்.

சித்திரைல கெணத்துக்கடவுக்காரங்க வந்தாங்க. வெடியாலயே, உச்சி வெயிலுக்கு முன்ன வந்துருவாங்கன்னு மாமன் சொல்லிருந்தாரு. அக்கா கச்சாயம் சுட்டு, பாசிப்பருப்புப் பாயாசம் வெச்சு, விருந்து சமைச்சு மூடி வெச்சா. எனக்கு அவங்க பூவப் பாக்கோணுங்கறது ஒண்ணுதா. பானை ஒவ்வொண்ணையும் வெயிலு படற பக்கமாத் திருப்பித் திருப்பி வெச்சேன். வழில மாட்டுக்கு லாடம் கழண்டு போச்சாம். உச்சி போயி, மத்தியானம் சாஞ்சுதா வண்டி வந்துச்சு. பட்டுரோசாவுக்கு ஒரு கொணம், பொழுது சாஞ்சா பூவு பூராம் மூடிக்கும். அவங்க எறங்கறப்ப ஒரு பூவு கூட முழிச்சிருக்கல. பச்சத் தண்டும் சுருங்குன மொட்டுந்தா கெடந்துச்சு. இத்தன நாளு பூவுக்குக் கீழ மறஞ்சிருந்த பானைகதா முன்னால தெரிஞ்சுது.

மாப்பளைக்கு அப்பனும் ஆத்தாளும் வந்திருந்தாங்க. அப்பங்காரரு எறங்குனதும் செம்புத் தண்ணியக் கூட வாங்காம நேரா ஊட்டுக்குப் பொறகால போனாரு. எங்க பக்கம் அது வழக்கந்தா. பொண்ணப் பாக்கறதுக்கு முன்னால குப்பமேட்டப் பாப்பாங்க. குப்பமேடு எவ்வளவு ஒசரமோ அவ்வளவு மாடு, அவ்வளவு பண்ணயம். வாய் பொய் சொல்லும், குப்பமேடு சொல்லாதும்பாங்க. அய்யனும் பொறகாலயே போனாரு. நா சன்னல்ல நின்னேன்.

"குப்பமேடு எங்கீங்க?"

"இல்லீங்க. அவ சீக்குல எல்லாம் போச்சுங்க."

"ம். மறுக்கா மாடு கட்டுவீங்கல்ல?"

"பாக்கோணுமுங்க."

அவருக்கு அதுல கொறையொண்ணும் இல்ல போலத்தா இருந்துச்சு. சீக்கு எல்லா ஊட்டுலயும் வாரதுதான்னாரு. அந்தம்மாதா வாசப்படிகிட்ட பானையப் பாத்துட்டு நின்னுட்டாங்க.

மாமன் ஓடி வந்து, "புள்ளைக கை வேலைங்க. வெடியால வந்திருந்தா கண்ணு கூசிருக்குமுங்க"ன்னாரு.

அந்தம்மா செடியத் தொடல. குனிஞ்சு பானை வயித்துல வெரலால சுண்டுனாங்க. "இது தயிர்ப்பானைங்களா?"

"ஆமாங்க. எங்கம்மாளுதுங்க"ன்னு நா கதவுக்குப் பொறகால இருந்து சொன்னேன்.

"நல்ல பானையாச்சே கண்ணு. பழகுன பானை. இதுல ஒற ஊத்துனா கத்தி வெச்சு அறுக்கறாப்பல நிக்குமே." அப்பறம் அடில ஈரமா இருக்கற மண்ணத் தடவிப் பாத்தாங்க. "அடில ஓட்ட போட்டுட்டீங்களா?"

"தண்ணி வடியோணுமல்லங்க."

அவங்க நிமுந்து, கையச் சீலைல தொடச்சாங்க. மாமனப் பாத்து, "தப்பா நெனைக்காதீங்க. மாடு இன்னைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. நாங்களும் பஞ்சத்துல வித்தவங்கதா. ஆனா பானையக் கவுத்துத்தா வெச்சிருந்தோமுங்க"ன்னாங்க.

அக்கா வந்து தண்ணி குடுத்துட்டுக் கும்பிட்டா. "பொண்ணு லட்சணமா இருக்கறா"ன்னு அந்தம்மா சொன்னாங்க, மனசாரத்தாஞ் சொன்னாங்க. ஆனா எல போட்டும் சாப்புட ஒக்காரல. பொழுதாச்சு, இன்னொரு நாளைக்கு ஆகட்டும்னு சொல்லீட்டு வண்டி ஏறீட்டாங்க. எங்க பக்கம் வந்த எடத்துல கை நனைக்காமப் போனா வேண்டாம்னு அர்த்தம். அதுக்கப்பறம் சொல்லியனுப்பறதெல்லாம் மரியாதைக்கு.

மாமன் வண்டி மறையற வரைக்கும் பொறுத்துட்டு, அப்பறம் ஒரு பானையத் தலைக்கு மேல தூக்கீட்டாரு. "பூவாம் பூவு! பண்ணயக்காரன் ஊட்டுல தயிர்ப்பானைய ஓட்ட போட்டு வாசல்ல வெச்சா, இந்த ஊட்டுல இனிப் பாலு கறக்க மாட்டோம்னு தமுக்கடிக்கறாப்பல இல்ல?"

"ஓட்டப் பானைய ஒடைச்சு என்னங் மாமா ஆகப்போகுது, வெய்ங்க கீழ"ன்னு அக்கா சொன்னா. அவரு வெச்சுட்டாரு.

எனக்கு அந்தம்மா மேல ரொம்ப நாளு ஆத்தரம். பொறகு ரோசிச்சுப் பாத்தா அவங்க சொன்னதுல பொய்யில்ல. ஆணி வெச்சுத் தட்டறப்ப, மறுக்கா எருமை வந்தா எதுல ஒற ஊத்தறதுன்னு எங்க ரண்டு பேருக்குமே தோணல. அம்மா இல்லாம இனி இந்த ஊட்டுல எதுவும் வராதுன்னு நாங்க முடிவு பண்ணிப்போட்டிருக்கறோம். அது எங்களுக்கே தெரியல, வெளிய இருந்து வந்த ஒரு பொம்பளைக்குத் தெரிஞ்சுபோச்சு.

ஆனில மாமன் இன்னொருத்தரக் கூட்டீட்டு வந்தாரு. ஆனைமலைப் பக்கம். பொண்டாட்டி செத்தவரு, ரண்டு கொழந்தைக. தலைல அங்கங்க நரை. அவரு ஊட்டச் சுத்தி வரல, பொறகால போகல, பூவப் பாக்கல. அன்னைக்கு வெடியால நேரம், பானைக பூராம் பூவு. அதுக்கு முதுகக் காட்டி ஒக்காந்தாரு. எல போட்டதும் கை நனைச்சாரு. "மோரு இருக்குதுங்களா?"ன்னு கேட்டாரு. இல்லீங்கன்னு சொன்னதும் செரின்னுட்டு எந்திரிச்சாரு.

அன்னைக்குப் பொழுதோட தண்ணி ஊத்தறப்ப நா சொன்னேன், "அவரு எதையுமே பாக்கலக்கா. உன்னையக் கூடப் பாக்கல."

"பாக்காட்டிப் போகுது. பாத்தவங்கதாம் போயிட்டாங்களே."

"வேண்டாங்கா. மூணு வருசந்தான, இருந்துக்கலாம்."

"நா மூணு வருசம் ஒக்காந்தா எனக்குப் பொறகால நீயும் ஒக்காரோணும்."

"நா ஒக்காந்துக்கறேன்."

அக்கா தண்ணிப் போசியக் கீழ வெச்சா. "அய்யனப் பாரு. ஒருத்தியப் பாக்கறப்பவே அவரு மூஞ்சி எப்பிடி இருக்குது? ரண்டு பேரையும் ஒக்கார வெச்சுட்டு அவரு சோறு திம்பாரா புள்ள?"

நா அந்தப் போசிய எடுத்து மிச்சப் பானைகளுக்கும் தண்ணி ஊத்துனேன்.

ஆவணில கோயல்ல வெச்சு ஆனைமலைக்காரரு தாலி கட்டுனாரு. எங்களோடது தாயில்லாத சீரு, மேளம் கூட வெக்கல. வண்டி கெளம்பறப்ப அக்கா அழுவான்னு நெனச்சேன், அழல. அவரு சின்னக் கொழந்த அதுக்குள்ள அவ மடில தூங்கிப்போச்சு, அது முழிச்சுக்கும்னு அசையாம ஒக்காந்திருந்தா. என்னப் பாத்து கையக் கூட ஆட்டல. கண்ண மட்டும் ஒருவாட்டி மூடித் தொறந்தா.

இப்ப நானும் அய்யனுந்தா. அக்கா போயிக் கொஞ்ச நாள்ல அய்யன் வெடியால ஊட்ல இல்லாமப் போக ஆரம்பிச்சாரு. எங்க போறாருன்னு தெரியல. ஒரு நா நா சீமாறு வாங்கறதுக்குப் பாலக்காட்டு ரோட்டுப் பக்கம் போனப்ப பாத்தேன். சந்தைக்குப் போற வண்டிகளுக்குப் பொறகால கூடையத் தூக்கீட்டு நடந்துட்டிருந்தாரு. மாடு சாணி போட்டா நின்னு, குனிஞ்சு, ரண்டு கைலயும் அள்ளிக் கூடைல போட்டுக்கறாரு. மாடு கட்டிப் பண்ணயம் பாத்த மனுசன். தெரிஞ்சவங்க வண்டி வந்தா ரோட்டோரமாத் திரும்பி நின்னுக்கறாரு. நானும் மரத்துக்குப் பொறகால நின்னுட்டேன்.

ஊட்டுக்கு வந்து பொறகால போயிப் பாத்தா, பழைய எடத்துலயே ஒரு மொழ ஒசரத்துக்குக் குவிஞ்சிருக்குது. நா அந்தப் பக்கம் போயே நாளாச்சு.

அவரு வந்ததும், "காட்டு வெள்ளாமைக்கு எருவாப் போடறதுக்குங்களா அய்யா?"ன்னு கேட்டேன்.

"அதத் தொடாத."

"பின்ன எதுக்குங்க?"

கூடையக் கவுத்துத் தட்டிக்கிட்டே, "உனக்கு இன்னும் மூணு வருசம் இருக்குதல்ல கண்ணு. அதுக்குள்ள ஆள் ஒசரம் வந்துரும்"னாரு.

எனக்கு எங்கயும் போக வேண்டாமுங்க, உங்ககூடவே இருந்துக்கறேன்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. அவரு மூஞ்சியப் பாத்தேன். அம்மா போனப்பறம் அவரு ஒரு வேலைய எடுத்துச் செய்யறது இதுதா. சொல்லல.

ஐப்பசி பொறந்து மழை புடிச்சுக்கிச்சு. குவிச்சது பாதி கரஞ்சு ஓடுது. நேத்து மழை இருட்டீட்டு வந்தப்ப அய்யன் தென்னந்தடுக்கத் தூக்கீட்டுப் பொறகால ஓடுனாரு. நானும் ஒண்ண இழுத்துட்டு ஓடுனேன். காத்து புடுங்குச்சு. அவரு அந்தப் பக்கம் புடிச்சாரு, நா இந்தப் பக்கம் புடிச்சேன். ரண்டு பேருமா மூடி, பறக்காம இருக்கறதுக்குச் சுத்தியும் கல்லு வெச்சோம்.